கோல்டன் மைலில் வாணவேடிக்கை நின்ற பிறகு: எதைக் கேட்கலாம், எதை விடலாம்?

2025 தீபாவளிக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கோல்டன் மைல் எனப்படும் பெல்கிரேவ் ரோட்டில் விளக்கு அலங்காரம் இருந்தது. மக்கள் நடந்து சுற்றிப் பார்க்க வண்டிகளை நிறுத்திச் சாலையை அடைத்திருந்தார்கள். வாணவேடிக்கை இல்லை, மேடை நிகழ்ச்சியும் இல்லை. முந்தைய ஆண்டு அங்கே கூடியவர்கள் ஏறத்தாழ 55,000 பேர். இதே போக்கில் போனால் உயிருக்கே ஆபத்து என்று பாதுகாப்பு ஆலோசனைக் குழு சொல்ல, நகர கவுன்சில் அதை ஏற்றுக்கொண்டது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என எல்லாத் துறையினரும் உட்கார்ந்து பேசும் குழு அது.

கவுன்சிலைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பெல்கிரேவ் ரோட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அது அகலமான சாலை இல்லை. இருபுறமும் கடைகள், அவற்றுக்குப் பின்னால் விக்டோரியா காலத்து வரிசை வீடுகள், நடுநடுவே ஒடுங்கிய தெருக்கள். அங்கே தள்ளுவண்டியில் குழந்தை, கைத்தடியோடு தாத்தா, தோளில் ஏறிய பேரப்பிள்ளை என்று ஐம்பதாயிரம் பேர் நிற்கும்போது ஒரு நெரிசல் வந்தால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. அதனால் அந்தச் சாலையில் அந்த முறையில் நடத்துவதை நிறுத்தியது நியாயம்தான்.

ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடக் கூடாது. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கவுன்சிலிடம் போய் எதைக் கேட்பது, எதற்காக நிற்பது என்று கோயில்களிலும் சங்கங்களிலும் இருப்பவர்கள் தெளிவாக இருந்தால்தான் ஏதாவது நடக்கும். முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, என் முடிவையும் சொல்கிறேன்.

வழிகளுக்குப் போகும் முன், இந்த விழா எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது, ‘இங்கே வராதீர்கள்’ என்று அந்த நாட்டின் ‘உகாண்டா ஆர்கஸ்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது இதே லெஸ்டர் நகராட்சி. அதையும் மீறி வந்தார்கள். பெல்கிரேவில் புடவைக் கடை, நகைக் கடை, இனிப்புக் கடை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, அந்தத் தெருவுக்குக் கோல்டன் மைல் என்றே பெயர் வந்துவிட்டது. வராதே என்று சொன்ன நகரமே 1980களில் தீபாவளிக்கு விளக்கு போடத் தொடங்கியது. இன்று இந்தியாவுக்கு வெளியே நடக்கும் பெரிய தீபாவளிகளைப் பற்றிப் பேசினால் லெஸ்டரைச் சொல்லாமல் இருக்க முடியாது. குஜராத்திகள் வேரூன்ற வைத்த விழாதான். ஆனால் கொவென்ட்ரி, நாட்டிங்ஹாம், பர்மிங்ஹாம் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போக ஓர் இடம் என்றால் அதுதான். இந்த நாட்டில் பொதுவாக இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை வெடி வெடிக்கக் கூடாது என்பது சட்டம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடியலில் வெடிக்கும் நம் வழக்கத்துக்கு இங்கே இடமே கிடையாது. மாலையில் ஊரோடு சேர்ந்து வானத்தைப் பார்ப்பது மட்டுமே மிச்சமிருந்தது.

எல்லா ஊரிலும் ஒரே காரணம் இல்லை

பிரிட்டனில் பொது வாணவேடிக்கை குறைந்து வருவது லெஸ்டரோடு நிற்கவில்லை. தென்கிழக்கு லண்டனில் பிளாக்ஹீத் திடலில் ஒவ்வொரு நவம்பரும் இலவசமாக நடந்த காட்சிக்குப் பல்லாயிரம் பேர் வருவார்கள். கிரீனிச், லூயிஷம் என்ற இரண்டு கவுன்சில்கள் சேர்ந்து செலவு செய்தன. 2010இல் கிரீனிச் விலகிக்கொண்டது. லூயிஷம் தனியாக, நன்கொடையும் விளம்பரதாரர் பணமும் திரட்டி இழுத்துப் பிடித்தது. 2020இல் கொரோனா நிறுத்தியது. தொற்று ஓய்ந்த பிறகும் பணம் இல்லை என்று 2022இல் கைவிட்டார்கள். கிளாஸ்கோ கிரீனில் கடைசியாக நடந்தது 2019இல். நவம்பர் 5 என்பது கை ஃபாக்ஸ் நாள்: பாராளுமன்றத்தைத் தகர்க்க முயன்ற கை ஃபாக்ஸின் கொடும்பாவியை எரித்து ஆங்கிலேயர்கள் வாணம் விடும் நாள். மான்செஸ்டரும் லீட்ஸும் கவுன்சில் நடத்தும் அந்த நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. லெஸ்டருக்குப் பக்கத்திலேயே பர்மிங்ஹாமும் நாட்டிங்ஹாமும் 2023இல் ‘எங்களால் கணக்கை நேர்செய்ய முடியவில்லை’ என்று சட்டப்படி அறிவிக்கும் நிலைக்கு வந்தன. முதியோர் பராமரிப்புக்கே காசில்லாத கவுன்சிலிடம் வெடிக்குப் பணம் கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும்.

பிளாக்ஹீத்தில் பிரச்சினை பணம். லெஸ்டரில் 2025இல் சொல்லப்பட்ட காரணம் கூட்டம். இன்னும் சில ஊர்களில் சத்தம்: நாய், பூனை, குதிரை வளர்ப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நோயாளிகள் கொடுத்த புகார்கள். மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்குச் சொன்ன மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பணம் போகும், நோய் போகாது. ‘வெடியை விட்டுவிட்டு ட்ரோனுக்கு மாறலாமே’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, எந்தப் பிரச்சினைக்கு என்பதுதான்.

இப்படியே விட்டுவிடுவது

முதல் வழி 2025இல் நடந்ததே. விளக்கும் கடையும் போதும், வானத்தில் ஒன்றும் வேண்டாம். இதற்கு ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. விளக்கைப் பார்க்க வருகிறவர்கள் மாலை முழுவதும் வந்து போவார்கள். ஒருவர் ஐந்து மணிக்கு வருவார், இன்னொருவர் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வருவார். வாணவேடிக்கை அப்படி இல்லை. ஏழரைக்கு என்று அறிவித்தால் ஏழேகாலுக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள், முடிந்த நிமிடமே எல்லோரும் கிளம்புவார்கள். நெரிசல் என்பது பெரும்பாலும் இந்த வருகையிலும் கிளம்புதலிலும்தான் உருவாகிறது. கூட்டம்தான் கவலை என்றால், ஒரு நேரத்தைக் குறித்து நடக்கும் காட்சியை எடுத்துவிடுவது சரியான மருந்து.

ஆனால் பொது வாணவேடிக்கையை நிறுத்தினால் வெடி நின்றுவிடாது. வீட்டுக் கொல்லைக்குப் போகும். கடையில் 18 வயது நிரம்பிய யாரும் வாங்கலாம், தீபாவளி இரவில் ஒரு மணி வரை வெடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. கடையில் கிடைக்கும் வெடிகளில் இரண்டாம் வகைக்குப் பார்ப்பவர் 8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மூன்றாம் வகைக்கு 25 மீட்டர். பெல்கிரேவின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் 25 மீட்டர் எங்கே இருக்கிறது? தோட்டம் போதாதென்று தெருவில் வைத்து வெடித்தால் அது குற்றம். இருந்தும் நடக்கிறது.

பயிற்சி பெற்றவர்கள், வேலிக்குப் பின்னால், கால்மணி நேரத்தில் முடிக்கிற வேலை இது. அதைப் பல நூறு கொல்லைகளுக்குப் பிரித்துக் கொடுத்து நள்ளிரவு தாண்டியும் நீளவிடுவதைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. விளக்கு மட்டும் போதும் என்ற முடிவு சாலைக்கு நல்லது, சுற்றியுள்ள தெருக்களுக்கு நல்லதில்லை. நாய்க்கும் நல்லதில்லை. எப்போது வெடிக்கும் என்று தெரிந்தால் கதவைச் சாத்தி, திரையை இழுத்து, டிவியைச் சத்தமாக வைத்து அதைச் சமாளிக்கலாம். எப்போது என்றே தெரியாத வெடிக்கு என்ன செய்ய முடியும்?

டிக்கெட்டும் வேலியும்

லண்டன் புத்தாண்டு வாணவேடிக்கை இந்த வழியில்தான் போனது. 2013 வரை தேம்ஸ் கரையில் யாரும் போய் நிற்கலாம், ஐந்து லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். 2014 டிசம்பர் 31 முதல் பத்து பவுண்டு டிக்கெட் போட்டு, ஒரு லட்சம் பேரோடு நிறுத்தினார்கள். அப்புறம் விலை ஏறிக்கொண்டே போனது. ஆனால் நிகழ்ச்சி பிழைத்தது. அலெக்சாந்திரா பேலஸ், பாட்டர்சி பார்க் போன்ற லண்டனின் பெரிய நவம்பர் காட்சிகளும் டிக்கெட் விற்றுத்தான் நடக்கின்றன.

டிக்கெட் பணத்தையும் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் சரிசெய்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், எத்தனை வாசல், எத்தனை காவலர், எத்தனை கழிப்பறை என்று கணக்குப் போடலாம். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் வெடிக்கு ஆகும் செலவைவிட வேலி, காவலர், முதலுதவி, சாலை அடைப்பு, மறுநாள் குப்பை வாருவது என்று போகும் செலவுதான் பெரிது என்பதை நடத்தியவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. நால்வர் குடும்பத்துக்கு நாற்பது, ஐம்பது பவுண்டு என்றாகிவிட்டால், அது ஊர்த் திருவிழா இல்லை. பெல்கிரேவும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் வசதியானவர்கள் வாழும் இடங்கள் இல்லை. தேர் பார்க்கக் காசு கேட்ட மாதிரி இருக்கும். ஆனால் டிக்கெட் என்றால் விலை இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? பெயர் பதிந்து வாங்கும் இலவசச் சீட்டும் ஆட்களை எண்ணும் வேலையைச் செய்யும். சும்மா பதிந்துவிட்டு வராமல் இருப்பவர்களைத் தவிர்க்க ஒரு சிறு தொகை, ஆளுக்கு ஒன்றிரண்டு பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம் என்று வைக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மான்செஸ்டர் அரீனா குண்டுவெடிப்புக்குப் பின் எழுந்த, பயங்கரவாதத் தாக்குதலுக்கு எதிராகப் பாதுகாப்பு ஏற்பாடு கேட்கும் ‘மார்ட்டின் சட்டம்’ 2025 ஏப்ரலில் நிறைவேறியது. 800 பேரோ அதற்கு மேலோ கூடி, வாசலில் சீட்டு பார்த்து உள்ளே விடும் நிகழ்ச்சிகள் அதன் கீழ் வரும். நடைமுறைக்கு வர குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் 2026க்குத் தொல்லை இல்லை, பிந்தைய ஆண்டுகளுக்கு நடத்துபவர் தலையில் கூடுதல் பொறுப்பு விழும்.

டிக்கெட் போட்டாலும் பெல்கிரேவ் ரோட்டுக்கு வேலி போட முடியாது. மக்கள் குடியிருக்கும், கடை நடத்தும் தெரு அது. ஆகவே டிக்கெட் என்று முடிவெடுத்தால் இடத்தையும் மாற்றியாக வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ட்ரோன்

இப்போது எல்லோரும் சொல்லும் மாற்று இதுதான். எனக்கும் பிடிக்கும். 2022 ஜனவரியில் டெல்லி விஜய் சவுக்கில், படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியின்போது, ஐ.ஐ.டி.யில் முளைத்த ஒரு நிறுவனம் ஆயிரம் ட்ரோன்களைப் பறக்கவிட்டதைப் பார்த்து மலைத்தவர்களில் நானும் ஒருவன். லண்டனிலும் கொரோனா ஆண்டின் புத்தாண்டு இரவில் ட்ரோன்களை வைத்து வானில் படம் காட்டினார்கள். புகை இல்லை, இடி இல்லை, மறுநாள் பொறுக்க வேண்டிய அட்டைக் குப்பையும் இல்லை. வெடியால் எழுத முடியாததை ட்ரோன் எழுதும். மயில், அகல்விளக்கு, தமிழில் ஒரு வாழ்த்துகூட.

ஆனால் லெஸ்டரின் பிரச்சினைக்கு இதை வைத்துப் பாருங்கள். ட்ரோன் காட்சியும் நேரம் குறித்துத்தான் நடக்கும். பேட்டரி தாங்குவது பத்துப் பதினைந்து நிமிடம். அந்த நேரத்துக்கு எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ட்ரோன் படத்துக்கு ஒரு முகம் உண்டு. முன்னால் நின்றால் மயில் தெரியும். பக்கவாட்டில் நின்றால் கலைந்த புள்ளிகள்தான் தெரியும். வானத்தில் வெடிக்கும் குண்டு அப்படி இல்லை, உருண்டையாக விரிவதால் எந்தத் திசையில் நின்றாலும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே வாணவேடிக்கைக்கு நாலாபுறமும் பரவி நிற்கும் கூட்டம், ட்ரோனுக்கு ஒரே பக்கமாகத் திரளும். கூட்டத்துக்குப் பயந்து வெடியை நிறுத்திய ஊரில் அதற்குப் பதில் ட்ரோனைக் கொண்டுவந்தால் நெரிசல் கூடத்தான் செய்யும்.

இன்னொன்று, அக்டோபர், நவம்பர் மாத இங்கிலாந்து. பலத்த காற்று அடித்தால் ட்ரோன் பறக்காது, மழை கொட்டினாலும் பறக்காது. வாணவேடிக்கையை மழையில் நனைந்துகொண்டே பார்த்த அனுபவம் இங்கே எல்லோருக்கும் உண்டு. ட்ரோனை நம்பிக் கூட்டத்தைக் கூட்டிவிட்டு, கடைசி நேரத்தில் ரத்து என்றால் பணமும் போகும், பிள்ளைகளின் முகத்தையும் பார்க்க முடியாது. விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேறு வேண்டும், பறக்கும் இடத்துக்குக் கீழே ஆள் இல்லாத வெளியும் வேண்டும்.

சத்தம் பிரச்சினையாக உள்ள ஊருக்கு ட்ரோன் நல்ல வழி. பெரிய புல்வெளி இருந்து, பணமும் இருந்து, மழைக்கு மாற்று நாளும் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. பெல்கிரேவுக்கு அது இப்போதைக்குப் பொருந்தவில்லை. லேசர் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது மேடைக்குத் துணை, வானத்துக்கு மாற்றாகாது.

சத்தம் குறைந்த வெடி

இத்தாலியில் கொலெக்கியோ என்ற சிற்றூர் 2015இல் சத்தமில்லாத வாணவேடிக்கை மட்டுமே என்று விதி கொண்டுவந்தது உலகச் செய்தி ஆனது. ‘சத்தமில்லாத’ என்பது சற்று மிகை. குண்டு மேலே போக மருந்து வேண்டும், மேலே போனதும் பிளந்து பூவாக விரியவும் மருந்து வேண்டும். அந்தப் பிளக்கும் மருந்தைக் குறைத்தால் சத்தம் குறையும், விரிவும் குறையும். அதனால் சத்தம் குறைந்த காட்சி என்பது பெரும்பாலும் தாழ்வாக எழும் நீரூற்று, வால்நட்சத்திரம் மாதிரி கோடு இழுக்கும் ஒளி, மெதுவாக விழும் பொறி இவற்றால் ஆனது. நம் புஸ்வாணத்தைப் பெரிதாக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்குக் குறைவில்லை. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு, அதெல்லாம் அப்படியே இருக்கும்.

இதை எதிர்ப்பவர்கள் நம்மில்தான் அதிகம். ‘சத்தம் இல்லாம என்ன தீபாவளி’ என்பார்கள். சிவகாசிச் சரவெடி கேட்டு வளர்ந்த காது அப்படித்தான் சொல்லும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் பிரிட்டனில் இருக்கும் தமிழர்களில் பெரும்பகுதி ஈழத்திலிருந்து வந்தவர்கள். ஷெல் கூவிக்கொண்டு வரும் சத்தம், அதைத் தொடர்ந்து வரும் அதிர்வு, பங்கருக்குள் ஓடியது எல்லாம் அவர்களுக்குக் கதை இல்லை. நவம்பர் மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்காமார், ஐயாமார் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். நமக்குக் கொண்டாட்டம் என்பதற்காக அவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல என்னால் முடியாது. சிரியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தவர்களுக்கும் இதேதான்.

அதனால் சத்தத்தைக் குறைப்பது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. குண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு நூறு அடி உயரம் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. ஆறங்குலக் குண்டு அறுநூறு அடி வரை ஏறும், அதை ஒரு மைல் தள்ளி மாடி ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். தாழ்வாக நடக்கும் அமைதியான காட்சியைப் பார்க்கக் கிட்டே வரத்தான் வேண்டும். உயரம் கூடினால் கூட்டம் பரவும், சத்தமும் பரவும். உயரம் குறைந்தால் சத்தம் குறையும், கூட்டம் நெருங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: இடி போல வெடித்து ஒளியே இல்லாத சத்தக் குண்டுகளை முழுவதுமாக எடுத்துவிட்டு, உயரத்தில் விரியும் வண்ணக் குண்டுகளைச் சிலவற்றை மட்டும் வைத்து, பன்னிரண்டு நிமிடத்தில் முடிப்பது. வெடி நடத்தும் நிறுவனங்களிடம் இப்படிக் கேட்டு வாங்க முடியும்.

சின்னச் சின்னதாகப் பல இடங்களில்

ஒரே இடத்தில் 55,000 பேர் என்பதுதான் ஆபத்து என்றால், கோயில், பள்ளி, சங்கம் என்று பிரித்து நடத்தினால் என்ன? இது நான் மிகவும் விரும்பிய வழி. பாட்டும் மேடையும் வைத்தாலும் மொத்தம் 499 பேருக்குள் என்றால் 21 பவுண்டு கட்டி, பத்து வேலைநாளுக்கு முன்னால் ‘தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு’ கொடுத்தால் போதும். வெடிக்கு மட்டும் தனி உரிமம் தேவையில்லை. கடையில் வாங்கும் வெடிகளைக் கொண்டு நாமே நடத்துவது எப்படி என்று அரசின் பணியிடப் பாதுகாப்புத் துறை ஒரு கையேடே போட்டிருக்கிறது.

காகிதத்தில் எளிது. நடைமுறையில், 25 மீட்டர் இடைவெளியும் அதற்கு மேல் பொறி விழும் இடமும் உள்ள மைதானம் எத்தனை கோயிலுக்கு இருக்கிறது? பொறுப்புக் காப்பீடு யார் எடுப்பது? கொளுத்துகிறவர் வேறு வேலை எதுவும் பார்க்கக் கூடாது, வெடிக்காத குண்டின் பக்கம் போகக் கூடாது, மது வாசனையே இருக்கக் கூடாது என்பதையெல்லாம் கறாராகச் சொல்ல ஒருவர் வேண்டும். தொண்டர்கள் மாறிக்கொண்டே இருக்கும் சங்கங்களில் ஒரு வருஷம் நன்றாக நடக்கும், அடுத்த வருஷம் யாருக்கும் தெரியாது. பள்ளி மைதானம் கிடைத்து, பொறுப்பான குழுவும் இருந்தால் செய்யுங்கள், நன்றாக இருக்கும். நகரத்தின் வாணவேடிக்கைக்கு இது ஈடாகாது. கோயிலில் நம் ஆட்கள் மட்டும் இருப்பார்கள். பெல்கிரேவில் பக்கத்தில் நிற்பவர் போலந்துக்காரராக இருப்பார், சோமாலியக் குடும்பமாக இருக்கும், இந்த ஊரிலேயே பிறந்த ஆங்கிலேயப் பாட்டியாக இருப்பார். நான் காப்பாற்ற நினைப்பது அதைத்தான்.

என் தேர்வு: சாலையையும் வானத்தையும் பிரிப்பது

பெல்கிரேவ் ரோட்டில் விளக்கும் கடையும் 2025 போலவே இருக்கட்டும். வாணவேடிக்கையை அங்கிருந்து எடுத்து அபே பார்க்குக்குக் கொண்டுபோக வேண்டும், இன்னொரு நாளில்.

அபே பார்க் பெல்கிரேவிலிருந்து நடக்கும் தூரம். 1882இல் திறந்த பெரிய பூங்கா, நடுவில் சோர் ஆறு ஓடுகிறது, கார்டினல் வுல்சி இறந்த மடத்தின் இடிபாடுகள் உள்ளே இருக்கின்றன. நவம்பர் 5 காட்சி டிக்கெட்டோடு நீண்ட காலம் நடந்த இடம் என்பதால் வாசல், கூட்டம் நகரும் பாதை, வெடி வைக்கும் இடம் எல்லாம் நகரத்துக்குப் பழக்கம். ஆட்களை எண்ணி உள்ளே விட முடியும். எண்ணி முடித்த பிறகு வெளியே நிற்பவர்களுக்கும் உயரத்தில் விரிவது தெரியும். வீட்டு ஜன்னலிலிருந்தே பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொன்னால் வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் நிம்மதியாக வீட்டில் இருந்தபடி பார்ப்பார்கள், பூங்காவில் கூட்டமும் குறையும்.

நாளைப் பொறுத்தவரை 2026 நமக்கு நன்றாக அமைந்திருக்கிறது. நவம்பர் 5 வியாழன், தீபாவளி 8 ஞாயிறு. நடுவில் 7ஆம் தேதி சனிக்கிழமை. கை ஃபாக்ஸ் நாளுக்கும் தீபாவளிக்கும் சேர்த்து ஊருக்கு ஒரே காட்சி வைத்தால் இரண்டு செலவு ஒன்றாகும். வேலி ஒன்று, காவலர் ஒரு முறை, ஆம்புலன்ஸ் ஒரு முறை. அன்றைக்கு மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். ஆறு மணிக்கு வைத்தால் குழந்தைகள் ஏழுக்குள் வீட்டில் இருப்பார்கள், நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு நேரம் தெரிந்திருக்கும். தீபாவளி நாளன்று பெல்கிரேவுக்கு வருகிறவர்கள் விளக்கைப் பார்க்க எந்த நேரத்திலும் வரலாம், எல்லோரும் ஒரே நிமிடத்தில் வந்து நிற்க வேண்டிய காரணம் இருக்காது.

தீபாவளியை முந்தின நாள் இரவே ஆங்கிலேயர் விழாவோடு கரைத்துவிடுகிறோமா என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. அறிவிப்பில் இரண்டு பெயரும் சமமாக இருக்க வேண்டும், இசை இரண்டு தரப்பிலிருந்தும் வர வேண்டும், கொடும்பாவி எரிப்பது வேண்டாம் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். நாட்கள் இப்படி நெருங்கி வராத ஆண்டுகளில் இது பொருந்தாது என்பதும் உண்மை. அக்டோபர் நடுவில் தீபாவளி வரும் ஆண்டுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 2026இல் ஒழுங்காக நடத்திக் காட்டினால், அந்தப் பேச்சை எடுக்க நம்மிடம் ஓர் அத்தாட்சி இருக்கும்.

பணத்துக்கு முதலில் பேச வேண்டியது பெல்கிரேவ் கடைக்காரர்களிடம். தீபாவளிக் கூட்டத்தால் வியாபாரம் நடப்பது அவர்களுக்குத்தான். அவர்கள் பங்கு, சீட்டுக்கு ஒன்றிரண்டு பவுண்டு, பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடை வாடகை என்று மூன்றையும் சேர்த்து எவ்வளவு தேறும் என்ற கணக்கோடு கவுன்சிலிடம் போக வேண்டும். வாசலில் உண்டியல் குலுக்கினால் எல்லாம் சரியாகும் என்று நம்ப வேண்டாம். நன்கொடையை நம்பி நடந்த பிளாக்ஹீத் காட்சி பல ஆண்டு தாங்கியது, அப்புறம் தாங்கவில்லை.

இவ்வளவும் செய்தும் பாதுகாப்புக் குழு மறுத்தால், இரண்டாவதாக நான் கேட்பது உயரமான குண்டு எதுவும் இல்லாமல் அபே பார்க்கில் தாழ்வான அமைதிக் காட்சி. அதுவும் இல்லை என்றால் விளக்கு மட்டும் என்பதை ஏற்றுக்கொண்டு, பள்ளி மைதானங்களில் சிறிய நிகழ்ச்சிகளுக்குப் பயிற்சியும் காப்பீடும் கவுன்சில் தர வேண்டும் என்று கேட்பேன். ட்ரோனுக்கு நான் முதலில் கை தூக்க மாட்டேன்.

கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் இந்தப் பேச்சைச் செப்டம்பரில் தொடங்கினால் பயன் இல்லை. பெரிய நிகழ்ச்சிக்கான திட்டத்தைப் பாதுகாப்புக் குழு பல மாதங்களுக்கு முன்னாலேயே எதிர்பார்க்கும், வெடி நிறுவனங்களுக்கும் நவம்பர் முதல் வாரச் சனிக்கிழமைதான் ஆண்டிலேயே நெருக்கடியான நாள். நடத்தும் பொறுப்பை யார் ஏற்பது, எத்தனை சீட்டு, எந்த வாசல், சத்தக் குண்டு வேண்டாம் என்ற நிபந்தனை, இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, முடிந்தவரை பல அமைப்புகளின் கையெழுத்தோடு, கோடைக்கு முன் கவுன்சிலின் நிகழ்ச்சிப் பிரிவிடம் கொடுத்துவிட வேண்டும்.